எறும்பு வரிசையும் ஒரு ஒயர்தான்

ஒரே வீட்டு போர் மோட்டாருக்கு ஒரே மாதத்தில் 3 தடவை போனேன். மூன்று தடவையும் ஒரே கோளாறுதான். பட்டனை அமுக்கினால் பேனலுக்குள் உர்ரென்று சத்தம் வரும், மோட்டார் எடுக்காது. மூடியைக் கழற்றினால், மோட்டாருக்குக் கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற சுவிட்சான கான்டாக்டர் இடுக்கெல்லாம் கருகிய எறும்பு, வறுத்த கடுகைக் கொட்டி வைத்தது மாதிரி. முதல் தடவை பிரஷ்ஷால் தட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவை உள்ளே 2 பாச்சை உருண்டை போட்டேன். மூன்றாம் தடவை அந்த வீட்டு டீச்சரம்மா காசை நீட்டிக்கொண்டே கேட்டார்: "தம்பி, நீங்க ஸ்டார்ட்டரை ரிப்பேர் பண்றீங்க. எறும்பை யாரு ரிப்பேர் பண்றது?"

காசை வாங்கக் கை கூசியது. அன்று ராத்திரி டார்ச்சோடு திரும்பிப் போனேன். அப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருவெறும்பூர்க்காரன். அப்பர் பாடிய எறும்பியூர். குன்றின்மேல் இருப்பவர் எறும்பீஸ்வரர். தேவர்கள் எறும்பு உருவத்தில் வழிபட வந்தார்களாம். லிங்கத்தின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு, ஏற ஏற வழுக்கியதாம். சாமியே மண்புற்றாக மாறி, கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தாராம். பிசுக்கில் எறும்பு ஏறாது என்ற பாதிக் கதையை வைத்துத்தான் இத்தனை வருடம் ஸ்டார்ட்டர் ஸ்டாண்டுக் காலில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். சாய்ந்து கொடுத்ததால்தான் ஏறின என்ற மீதிப் பாதி அந்த ராத்திரிதான் உறைத்தது. எறும்பு வருகிற எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று சாய்ந்து கொடுத்திருக்கிறது.

வரிசையைப் பிடித்துப் போவது

எறும்பைப் பார்த்ததும் எல்லோரும் ஸ்பிரே அடிக்கிறார்கள், இல்லை ஈரத்துணியால் துடைக்கிறார்கள். ஃபேனுக்குக் கரண்ட் வரவில்லை என்றால் ஃபேனையே உதைப்பதற்குச் சமம் இது. வரிசைக்கு இரண்டு முனை இருக்கிறது. நம் கண்ணில் படுவது சாப்பிட வருகிற முனை. சப்ளை வேறு இடத்தில் இருக்கிறது. வெளியே நடமாடுகிற எறும்பு கூட்டில் இருப்பதில் ஒரு சின்னப் பங்குதான். ராணியும் குஞ்சும் மற்றவையும் உள்ளேதான். வரிசையை அழித்தால் ஒயரைப் பாதியில் வெட்டி எறிந்துவிட்டு ஃபால்ட் தேடுகிற கதைதான்.

ராத்திரி 8 மணிக்கு மேல், அல்லது விடிகாலை. டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் நீளமாக விழும், கடுகளவு எறும்பும் தெரியும். வரிசை ஓரத்தில் ஒரு சிட்டிகை தேங்காய்த் துருவல் தூவுங்கள். இதை எனக்குச் சொன்னது டீச்சரம்மாதான். துருவலைத் தூக்கிக்கொண்டு போகிற எறும்பு வெள்ளைக் கொடி பிடித்த மாதிரி தூரத்திலிருந்தே தெரியும். சுமையோடு போவது எல்லாம் கூட்டுக்குத்தான் போகிறது. அதன் பின்னாலேயே போங்கள். எங்கே சுவருக்குள் நுழைகிறது, எங்கே வெளியே வருகிறது என்று பார்த்து, பென்சிலில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அரை மணி நேரம் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்கள் நன்றாகச் செய்வார்கள்.

நான் பார்த்தவரை வட்டம் விழுகிற இடங்கள் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஜன்னல் ஃபிரேமின் கீழ் மூலை, ஏசி பைப்புக்காகத் துளைத்துவிட்டுச் சரியாகப் பூசாமல் போன ஓட்டை, சிங்க் அடியில் வேஸ்ட் பைப் தரைக்குள் இறங்கும் இடம், ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கு மேலே ஓடுகிற மயிரிழை வெடிப்பு. அப்புறம் எங்கள் தொழிலின் பாவம்: சுவருக்குள் புதைத்த ஒயர் பைப். கீழ்த்தளத்தில் நுழைந்த எறும்புக்கு அது மாடி வரைக்கும் வெயில் படாத பைபாஸ் ரோடு. மூன்றாம் மாடியில் சுவிட்ச் பாக்ஸிலிருந்து எறும்பு வருகிறது என்றால் மூன்றாம் மாடியில் தேடிப் பயனில்லை.

டைல்ஸ் ஜாயின்டில் ரவை மாதிரி நைஸான மண் குவிந்திருந்தால் விஷயம் வேறு. தேடவே வேண்டாம். கூடு உங்கள் காலடியில், பேஸ்மட்டத்துக்குள் கொட்டிய மணலில் இருக்கிறது.

டீச்சரம்மா வீட்டில் வரிசை பேனலின் அடிப்பக்கத்திலிருந்து கேபிள் பைப்புக்குள் போய், போர் பக்கம் வெளியே வந்து, காம்பவுண்ட் சுவர் மேலே ஏறிச் செம்பருத்திச் செடியில் முடிந்தது. இலையைத் திருப்பினால் அடியில் பஞ்சு அப்பிய மாதிரி மாவுப்பூச்சி. அது செடியின் சாற்றை உறிஞ்சி, தித்திப்பான நீராகக் கழிக்கும். எறும்புக்கு அதுதான் பால்மாடு. எறும்பு அதைத் தின்னாமல், தின்ன வருகிற மற்ற பூச்சியை விரட்டிக் காவல் காக்கும். அசுவினிக்கும் இதே கதைதான். செடியில் தீவனம், கேபிள் பைப்பில் நிழல், பேனலில் இளஞ்சூடு. போதாக்குறைக்கு, நெருப்பெறும்பு மாதிரி சில வகைகளில் ஷாக் அடித்த எறும்பு ஒரு வாசனையை விடும். அதை முகர்ந்து மற்றவை ஓடி வரும், அவையும் சாகும். ஒரு கான்டாக்டருக்குள் நூற்றுக்கணக்கில் குவிவது அப்படித்தான்.

மாவு பிடித்த கிளைகளை வெட்டி, மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டோம். மீதிக்குச் சோப்புத் தண்ணீரை இலையின் அடியில் படும்படி வாரம் ஒரு தடவை அடித்தார்.

எந்த எறும்பு என்று தெரியாமல் மருந்து வாங்காதீர்கள்

சின்னதாகக் கறுப்பாக, நேராகப் போகத் தெரியாமல் அங்குமிங்கும் ஓடுகிறதா? கடிக்காது. எங்கள் பக்கம் பிள்ளையார் எறும்பு என்போம். தொந்தரவு குறைவு. சமையல் மேடையைத் துடைத்துவைத்தாலே பாதி போய்விடும். அதைவிடச் சின்னதாக, தலை மட்டும் கறுத்து உடம்பு வெளிறிப் போன ஒன்று உண்டு. பாத்ரூம், சிங்க் என்று ஈரத்தைத் தேடி வரும். ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள்.

கட்டெறும்பு எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் ஒன்றிரண்டு திரிந்தால் விட்டுவிடலாம். தினமும் ராத்திரி 20, 30 கதவு நிலையிலிருந்து வந்தால் அந்த மரத்தைத் தட்டிப் பாருங்கள். கட்டெறும்பு மரத்தைத் தின்னாது. ஊறி உளுத்த மரத்தைக் குடைந்து குடியிருக்கும், மரத்தூளை வெளியே தள்ளும். எறும்பைவிட அந்த மரத்தை ஊறவைத்த தண்ணீர்தான் உங்கள் பிரச்சினை. பெரும்பாலும் மேலே சன்ஷேடில் விரிசல் இருக்கும்.

நெருப்பெறும்பு, சிலர் சுள்ளெறும்பு என்பார்கள். செம்பழுப்பு நிறம். ஒரே கூட்டத்தில் சின்னதும் பெரிய தலைக்காரனும் கலந்திருக்கும். கொட்டிய இடம் எரியும், மறுநாள் சின்னக் கொப்புளம் வரும். சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுக்கும். அப்படி வந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதன் கூடு வெயில் படுகிற வெளி மண்ணில், பொலபொலவென்று மண்ணைக் கிளறிப் போட்டது போலத் தெரியும். வீட்டைவிட்டுத் தள்ளி, செடி இல்லாத இடத்தில் இருந்தால் ஒரு குடம் கொதிக்கிற தண்ணீர் நிதானமாக ஊற்றலாம். காலையில் இளவெயில் ஏறும்போது குஞ்சுகளை மேலே கொண்டுவந்து வைத்திருக்கும், அப்போது ஊற்ற வேண்டும். ஒரே தடவையில் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெட்ரோல் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சுவர் ஓரத்தில், போர் கேபிள் பக்கத்தில், பெட்ரோல்! இதற்குமேல் நான் என்ன சொல்வது.

வம்பு பிடித்தது இன்னொன்று. 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பு. சர்க்கரை டப்பாவில், சுவிட்ச் போர்டில், லேப்டாப் கீபோர்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடப் பார்க்கலாம். ஒரே கூட்டில் நிறைய ராணிகள் இருக்கும். ஸ்பிரே அடித்தால் கூட்டம் பிரிந்து, குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று இடத்தில் புதுக்கூடு வைத்துவிடும். "அடிக்க அடிக்கப் பெருகுதுங்க" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

மாமரத்தில் இலையைப் பின்னிக் கூடு கட்டுகிற முசுறு வீட்டுக்குள் குடிவராது. மரத்துக்குப் பூச்சிக்காவலாளி அது. கிளை மொட்டைமாடியைத் தொட்டால் மட்டும் வெட்டுங்கள். கேபிள் டிவி ஒயர் மரத்தோடு உரசிக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள், அதுவும் பாலம்தான்.

நீளக் காலோடு மஞ்சளாக, தலைதெறிக்க ஓடுகிற எறும்பு ஒன்று 2022-இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் ஆடுமாடுகளைப் பாடாய்ப்படுத்தியது நினைவிருக்கும். அது கடிப்பதில்லை, அமிலத்தைப் பீய்ச்சும். தோட்டம் முழுக்க அந்த மாதிரி தெரிந்தால் இந்தக் கட்டுரையை நம்பி உட்காராமல் வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

மழை நின்ற சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றி இறக்கையோடு பறந்தால், கீழே விழுந்த ஒன்றை எடுத்துப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, முன் இறக்கை நீளமாகப் பின் இறக்கை குட்டையாக இருந்தால் எறும்பு. இடுப்பே இல்லாமல் நான்கு இறக்கையும் ஒரே அளவாக இருந்தால் ஈசல், அதாவது கரையான். கரையானுக்கு வைத்தியமே வேறு, இங்கே சொன்னது எதுவும் கேட்காது.

போரிக் பவுடர்

கேரம் போர்டில் தூவுவோமே, அதேதான். ஆனால் கேரம் பவுடர் என்று விற்பதெல்லாம் இன்று போரிக் இல்லை. மெடிக்கலில் போரிக் ஆசிட் பவுடர் என்றே கேட்டு வாங்குங்கள்.

100 மில்லி வெந்நீரில் சர்க்கரை 2 டீஸ்பூன், போரிக் பவுடர் தலைதட்டி கால் டீஸ்பூன், அதாவது கிட்டத்தட்ட 1 கிராம். கரையும் வரை கலக்கி ஆறவிடுங்கள். பாட்டில் மூடியில் பஞ்சு வைத்து, அதில் ஊற்றி, வரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள். வழிமேலேயே வைத்து மறிக்க வேண்டாம்.

அளவில் கை நீட்டாதீர்கள். டீச்சரம்மா வீட்டில் முதல் தடவை நான் ஒரு டம்ளருக்கு ஒரு பெரிய ஸ்பூன் போட்டேன், சீக்கிரம் முடியட்டும் என்று. மறுநாள் மூடியைச் சுற்றி 50, 60 செத்துக் கிடந்தன. வரிசை ஓர் அடி தள்ளி வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. மருந்து மெதுவாகக் கொல்ல வேண்டும். குடித்த எறும்பு உயிரோடு கூட்டுக்குப் போய், வாய்க்கு வாய் மற்றவற்றுக்கு ஊட்டி, அது ராணி வரைக்கும் போய்ச் சேர வேண்டும். நம் வேலையை அதன் கையாலேயே செய்ய வைக்கிறோம்.

முதல் 2 நாள் கூட்டம் அதிகமாகும். "எறும்பைப் போகச் சொன்னா விருந்து வெச்சிருக்கீங்க" என்றார் டீச்சரம்மாவின் மாமியார். அப்படித்தான் இருக்கும், கலைக்காதீர்கள். பஞ்சு காய்ந்தாலோ புளித்தாலோ மாற்றுங்கள். அந்த நாட்களில் அதே இடத்தில் ஸ்பிரேயோ எறும்பு மருந்துச் சாக்பீஸோ கூடாது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலில் முள்வேலி போட்டது மாதிரி ஆகிவிடும். அங்கே 10 நாளில் வரிசை நின்றது. மணலுக்குள் பெரிய கூடு என்றால் ஒரு மாதம்கூட ஆகும்.

சர்க்கரையைச் சீண்டாத எறும்பும் உண்டு. ஒரு தாளில் ஒரு பக்கம் வெல்லம், இன்னொரு பக்கம் எண்ணெயில் பிசைந்த வறுத்த கடலைப் பொடி வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். எதை மொய்க்கிறதோ அதில் கலந்து கொடுங்கள். நெருப்பெறும்பு பெரும்பாலும் கடலைப் பக்கம்தான் போகும்.

பிள்ளைகளும் நாய் பூனையும் எட்டாத இடத்தில் வையுங்கள். மீதியைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பார்க்கச் சர்க்கரைத் தண்ணீர், குடித்தால் விஷம். எறும்பு சாக்பீஸுக்கும் இதே எச்சரிக்கைதான், அது பள்ளிக்கூடச் சாக்பீஸ் மாதிரியே இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் கடையில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பொடி கேட்கிறார்கள். அது 1997-லேயே தடை செய்யப்பட்டது. வீட்டுப் பரணில் பழைய டப்பா கிடந்தால் தொடவேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

மஞ்சள்தூள், பெருங்காயம், சர்க்கரை டப்பாவில் கிராம்பு எல்லாம் தப்பில்லை. அன்றைக்கு டப்பாவைக் காப்பாற்றும், கூட்டைத் தொடாது.

அடைப்பதும் பேனலும்

வரிசை நின்ற பிறகுதான் ஓட்டையை அடைக்க வேண்டும். முதலிலேயே அடைத்தால் உள்ளே இருப்பது வேறு வழியாக, பெரும்பாலும் படுக்கையறை வழியாக, வரும். பென்சில் வட்டம் போட்டீர்களே, அதைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பாதை வாசனையைப் போக்கிவிட்டு அடையுங்கள். டைல்ஸ் ஜாயின்டுக்கு எபாக்சி கிரவுட் நிற்கும், வெள்ளை சிமென்ட் ஒரு வருடத்தில் உதிரும். ஜன்னல் ஃபிரேமுக்குச் சிலிகான். வேஸ்ட் பைப்புக்கு எம்-சீல். ஒயர் பைப் வாயில் மட்டும் எம்-சீல் வைக்காதீர்கள். நாளைக்கு ஒரு ஒயர் இழுக்க வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டிவரும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீர்கள். ஒயரைச் சுற்றிச் சிலிகானை மூடி மாதிரி வைத்தால் போதும், தேவைப்பட்டால் பிய்த்து எடுத்துவிடலாம்.

மோட்டார் பேனலில் எறும்பு இருந்தால்: மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரால் இரண்டு தடவை பாருங்கள். சிங்கிள் ஃபேஸ் பேனலில் கெப்பாசிட்டர் இருக்கும், மெயின் ஆஃப் ஆன பிறகும் அடிக்கும். அதை டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டலாம். ஸ்பிரே அடிக்காதீர்கள். அந்த டப்பாவைத் தள்ளுவது பெரும்பாலும் எரிகிற கேஸ், கான்டாக்டரில் வருவதோ தீப்பொறி. பக்கத்து ஊர் வயலில் மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றில் ஒரே ஒரு கான்டாக்டில் எறும்பு சிக்கி, மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டே நின்று, உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் புகைந்துபோனது. கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயை யாரோ வேலை செய்யாதபடி நேர் பண்ணி வைத்திருந்தார்கள். எறும்பு செய்தது பாதி, மனுஷன் செய்தது பாதி.

பேனலின் அடியில் கேபிள் நுழைகிற ஓட்டைக்கு, கேபிளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற கிளாண்டு போடுங்கள். பயன்படாத ஓட்டைகளை மூடுங்கள். மூடியின் ரப்பர் பீடிங் இற்றிருந்தால் மாற்றுங்கள். கிரீஸ் இதற்கெல்லாம் அப்புறம்தான், ஸ்டாண்டுக் காலில் ஒரு விரல் அகலம். தூசி படிந்ததும் எறும்பு அதன்மேல் நடக்கும், மாதம் ஒரு தடவை துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும்.

சுவருக்கு வெளியே

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள். முட்டை என்று நாம் சொல்வது பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும்தான், ஆனால் திட்டை ஏறுவது நிஜம். மண் ஊறினால் கூடு மூழ்கும், பக்கத்தில் இருக்கிற மேடு உங்கள் வீடு. அதனால் ஐப்பசி மழைக்கு முன்பு, புரட்டாசியிலேயே ஒரு சுற்று வாருங்கள். சுவரோடு ஒட்டிக் குவித்த செங்கல், தென்னமட்டை, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். பூந்தொட்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். சுவரை ஒட்டி மண் பேஸ்மட்டத்துக்கு மேலே ஏறியிருந்தால் வெட்டி இறக்குங்கள். வீட்டைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் சிமென்ட் தளம் போட வசதி இருந்தால் போடுங்கள், அதில் எறும்பு மண் தள்ளினால் உடனே கண்ணில் படும். கோடையில் வருவது தண்ணீருக்கு. மோட்டார் பைப் ஜாயின்ட் கசிவு, ஏசி சொட்டுத் தண்ணீர், நாய்க்கு வைத்த கிண்ணம். கிண்ணத்தை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே வையுங்கள்.

டீச்சரம்மா தினமும் அரிசிமாவில்தான் கோலம் போடுவார். நிறுத்தச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அவரே முந்திக்கொண்டு, "அது அதுங்களோட பங்கு, அதுல கை வைக்காதீங்க" என்றார். கோலத்தை நிலைவாசலிலிருந்து கேட்டுக்கு வெளியே மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்தப் பேனலுக்குக் கடைசியாகப் போனது போன ஆடியில், கெப்பாசிட்டர் போய்விட்டது என்று. மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். எறும்பு ஒன்றுகூட இல்லை. மூலையில் 2 பல்லி முட்டை இருந்தது.